திருகோணமலையில் பழைய டீசல் எஞ்சின் பிரைம் மூவர் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய பிரைம் மூவர், அதாவது ட்ரெய்லரை இழுக்கிற தலை வண்டி, பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனையாம் ஆண்டு வண்டி?" என்று. அடுத்தது "கடைசி விலை என்ன?" நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: "இவ்வளவு காலமும் இது என்ன ஏற்றினது?"

திருகோணமலையில் இந்தக் கேள்விக்கு நல்ல பலன் உண்டு. இங்கே கனரக வண்டிகளுக்குக் கிடைக்கிற ஓட்டங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சீனக்குடாப் பக்கம் கோதுமை மா, சீமெந்து, எரிபொருள். புல்மோட்டையிலிருந்து கனிய மணல். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஆற்று மணல். அப்புறம் மீன், ஐஸ், நெல். ஒவ்வொரு சுமையும் வண்டியில் ஒரு தழும்பு வைக்கும். அந்தத் தழும்பு எங்கே இருக்கும் என்று தெரிந்தால், விற்பவர் சொல்லாததையும் வண்டியே சொல்லிவிடும்.

சீமெந்து ஓட்டம் ஓடின வண்டியில் எயார் ஃபில்டருக்குப் பின்னால் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்குள் காற்றுப் போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறத் தூள் ஒட்டினால், அந்தத் தூள் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரைத்திருக்கிறது என்று பொருள். வெளியே எவ்வளவு பெயின்ற் அடித்திருந்தாலும் அந்த எஞ்சினைத் திறந்து கட்டத்தான் வேண்டும்.

கனிய மணல் ஓடின வண்டியில் சஸியை, அதாவது வண்டியைத் தாங்குகிற இரும்பு அடிச்சட்டத்தை, பாருங்கள். அந்த மணலில் உள்ள இல்மனைட் என்ற கனியம் சாதாரண மணலைவிட மிகக் கனமானது. பெட்டி பாதி நிறையும்போதே வண்டிக்கு முழுச் சுமை வந்துவிடும். கண் அளவில் ஏற்றியவர்கள் எத்தனையோ சஸிகளை வளைத்திருக்கிறார்கள். மீனும் உப்பும் ஏற்றினது என்றால் துருதான். உப்புத் தண்ணீர் ஒழுகி, சஸியின் இரண்டு தகடுகளுக்கு இடையில் போய் நின்றுகொண்டு உள்ளேயிருந்து தின்னும்.

எந்த எஞ்சின்?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்துத் தொழில் செய்கிறவருக்கு, கம்பியூட்டர் இல்லாத, டீசல் பம்பில் ஓடுகிற பழைய எஞ்சின்தான் இந்த ஊரில் பொருத்தம். மிட்சுபிஷி ஃபுசோவின் 8டிசி9 என்ற 16 லீற்றர் வி-8, அதே கம்பனியின் 6டி22 என்ற 11 லீற்றர் ஆறு சிலிண்டர், நிசான் டீசலின் பிஇ6, ஹினோவின் இகே100, டாட்டா வண்டிகளில் வருகிற கம்மின்ஸ் 6பிடி 5.9 லீற்றர் எல்லாம் இந்த வகை. டீசல் எவ்வளவு போக வேண்டும் என்பதை பம்புக்குள் இருக்கிற கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஸ்பிரிங்கும் தீர்மானிக்கின்றன. சென்சர் இல்லை, வயர்க்கூட்டம் இல்லை. கடல் காற்றில் கனெக்டர் பச்சை பிடித்து ஹபரணைக் காட்டுக்குள் வண்டி நின்றுபோகும் கதை இதில் இல்லை. பற்றரி செல்ஃபைச் சுற்றினால் போதும், ஓடும். ஸ்பானரும் அனுபவமும் உள்ள மெக்கானிக் பாஸ் ஒருவர் வீதியோரத்திலேயே பாதி வேலையை முடித்துவிடுவார். பாகங்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இன்னும் கிடைக்கின்றன.

குறையும் உண்டு. டீசல் கூடக் குடிக்கும். திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். லீற்றருக்கு இரண்டரைக் கிலோமீற்றர் ஓடுகிற வண்டிக்கு ஒரு வழிக்கு 104 லீற்றர் வேண்டும். இரண்டு கிலோமீற்றர்தான் ஓடும் என்றால் 130 லீற்றர். போய்வர 52 லீற்றர் வித்தியாசம். மாதம் எட்டு ஓட்டம் ஓடுகிறவர் இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுப் பார்க்க வேண்டும். 20 அடிக் கொள்கலன் ஒன்றை மட்டும் இழுப்பதற்கு பெரிய வி-8 எடுப்பது வீண் செலவு.

போவதற்கு முன்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் ஒதுக்கிப் போட வேண்டிய வண்டிகள்கூட ஒட்டுப்போட்டு ஓட்டப்பட்டன. அப்படி ஓடின வண்டிகள்தான் இப்போது விற்பனைக்கு நிற்கின்றன. ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுக்காதீர்கள். விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் மூன்று மாதத் திருத்த வேலைக்கு ஒதுக்கி வைப்பது என் வழக்கம். 20 லட்சம் தனியாக இல்லாவிட்டால் ஒரு கோடி ரூபாய் வண்டியைப் பார்க்கவே போகமாட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த பாஸைக் கூட்டிப் போங்கள். விற்பவர் காட்டுகிற பாஸ் வேண்டாம். அவருடைய ஒரு நாள் கூலியைப் பேசி, வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். வாங்கினால்தான் காசு என்று வைத்தால், நல்ல மனிதருக்குக்கூட "எடுக்கலாம்" என்று சொல்லத்தான் வாய் வரும்.

குளிர்ந்த எஞ்சினில் முதல் ஸ்டார்ட்

முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். முதல் நாளே விற்பவருக்குச் சொல்லிவிடுங்கள்: "காலையில் ஆறு மணிக்கு வருவோம், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் முதலில் எஞ்சின் பக்கத்தில் கையை வையுங்கள். சூடு இருந்தால் திரும்பிவிடுங்கள், இன்னொரு நாள் வரலாம்.

இதை நான் பணம் கட்டிப் படித்தேன். முதல் வண்டி பார்க்கப் போனபோது பத்து மணி. எஞ்சின் மெல்லச் சூடாக இருந்தது. "இப்பதான் கழுவிட்டு நிறுத்தினேன் தம்பி" என்றார் விற்றவர். ஒரே தட்டலில் ஸ்டார்ட் ஆனது, சந்தோஷமாக வாங்கிவிட்டேன். மறுநாள் அதிகாலை என் வீட்டு வளவில் செல்ஃபைச் சுற்றிச் சுற்றி பற்றரி செத்துப்போனது. கடைசியில் இன்னொரு லொறியைக் கொண்டுவந்து இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணினோம். பிறகு திறந்து பார்த்தால் இரண்டு சிலிண்டரில் ரிங் போயிருந்தது. குளிரில் அமுக்கம் போதாத எஞ்சின், சூடானதும் நல்ல பிள்ளை மாதிரி ஓடும்.

ஸ்டார்ட் பண்ணும் முன் மூன்று இடம் பாருங்கள். ஒயில் குச்சியை இழுத்து விரலில் தேயுங்கள். பால் தேநீர் நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவுக் கோட்டுக்கு மேலே நின்று டீசல் மணந்தால், பம்பிலோ, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிற நோசிலிலோ ஒழுக்கு இருக்கிறது. ரேடியேற்றர் மூடியைத் திறந்து பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான், சூட்டில் ஒருபோதும் திறக்கக் கூடாது. தண்ணீருக்கு மேல் ஒயில் படலம் மினுங்கினாலோ, துரு நிறச் சேறு இருந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, எஞ்சினுக்குக் கீழே நிலத்தைப் பாருங்கள். புதிதாகக் கொட்டின மணல் அங்கே இருந்தால், எதை மறைக்கக் கொட்டினார்கள் என்று கேளுங்கள்.

இப்போது ஸ்டார்ட். ஒருவர் உள்ளே, ஒருவர் புகைக் குழாய்ப் பக்கம். நல்ல எஞ்சின் இரண்டு மூன்று சுற்றுக்குள் பிடிக்கும். குளிர் நாடுகளில் காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. நமக்கு மார்கழி விடியற்காலையிலும் அவ்வளவு குளிர் இல்லை. இங்கே ஒரு நிமிடத்துக்கு மேலும் வெள்ளைப் புகை நின்றால் அமுக்கம் குறைவு, அல்லது நோசில் சரியில்லை. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, ரேடியேற்றரில் குமிழியும் வந்தால் எஞ்சின் ஹெட்டுக்குக் கீழே உள்ள ஹெட் காஸ்கட் என்ற அடைப்புத் தகடு போயிருக்கலாம். நீலப் புகை ஒயில் எரிவது. அக்சிலேற்றரை மிதிக்கும்போது ஒரு நொடி கறுப்பாக வந்து தெளிந்தால் பயமில்லை. கறுப்பாகவே தொடர்ந்தால் நோசில், பம்ப், ஃபில்டர் என்று வரிசையாகத் தேட வேண்டும்.

பிறகு ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயில் தலைகீழாக வையுங்கள். மூடி லேசாக ஆடலாம். துள்ளி விழுந்தாலோ, அந்த வாயிலிருந்து புகைவண்டி மாதிரிப் புகை அடித்தாலோ, எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. அந்த எஞ்சினுக்கு முழு வேலை வரும். அதற்கான காசை விலையில் கழியுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

கிண்ணியாவில் எனக்கு ஒரு நானா இருக்கிறார், நாற்பது வருடமாக டீசல் எஞ்சின் வேலை. எஞ்சின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு நோசிலுக்கும் போகிற குழாயின் நட்டை ஒவ்வொன்றாக இளக்கிப் பார்ப்பார். ஒன்றை இளக்கினதும் எஞ்சின் சத்தம் நொண்டும். திரும்ப இறுக்கினதும் சமப்படும். ஒருமுறை நாலாவது நட்டை இளக்கினார். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீங்க அஞ்சு சிலிண்டர் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர் விலை பேசிட்டிருக்கிறீங்க" என்றார். இதை நீங்கள் செய்யக் கூடாது, பாஸ்தான் செய்ய வேண்டும். அந்தக் குழாயிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது.

பம்பைப் பற்றி இன்னொன்று. 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்கு ஏறினது. மண்ணெண்ணெயோ ஓகஸ்ட் வரை 87 ரூபாயில் நின்றது. அந்த மாதங்களில் மண்ணெண்ணெய் கலந்து ஓடின வண்டிகள் கொஞ்சமல்ல. மண்ணெண்ணெயில் வழுவழுப்புக் குறைவு. பம்புக்குள் டீசலைத் தள்ளுகிற பிளஞ்சர்கள் எரிபொருளின் வழுவழுப்பில்தான் வாழ்கின்றன. அப்படித் தேய்ந்த பம்ப் குளிரில் எப்படியோ ஸ்டார்ட் ஆகிவிடும். நன்றாகச் சூடான பிறகு நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தடுமாறும். ஆகவே காலையில் ஒருமுறை, ஓட்டிப் பார்த்துத் திரும்பின பிறகு ஒருமுறை என்று இரண்டு ஸ்டார்ட்டும் அவசியம்.

கீழே படுத்துப் பார்க்க வேண்டியவை

சாக்கு விரித்து வண்டிக்குக் கீழே போங்கள். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான். சஸியில் வெடிப்பு வருகிற இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: ஸ்பிரிங் தொங்குகிற பிராக்கெட் சுற்றி, கபினுக்குப் பின்னால், ட்ரெய்லரைக் கொளுவுகிற ஃபிஃப்த் வீல் தட்டு பூட்டியிருக்கிற இடத்தில். துரு நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் அது வெடிப்பு. புதிதாக வெல்டிங் பிடித்து, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தால் விரலால் தடவிப் பாருங்கள், மேடு தெரியும். சின்னச் சுத்தியலால் சஸி நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு மணி மாதிரிக் கேட்கும், துரு தின்ற இடம் டொக்கென்று கேட்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை வளவில் நெடுநாள் நின்ற வண்டி என்றால் இந்தச் சுத்தியல் வேலையை அவசரப்படாமல் செய்யுங்கள்.

டயர் விலையைச் சேர்க்காமல் வண்டி விலையைப் பேசாதீர்கள். பத்துச் சில்லு பிரைம் மூவரும் மூன்று அச்சு ட்ரெய்லரும் சேர்ந்தால் 22 டயர். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். 3219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் செய்தது. நிலத்தில் படுகிற பட்டன் நன்றாக இருந்தும் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தால் அந்த டயர் ஏப்ரல், மே வெயிலில் சுமையோடு தாங்காது. முன் சில்லு இரண்டிலும் ரீபில்ட் டயர் (பழைய டயரில் புதுப் பட்டன் ஒட்டினது) இருந்தால் மாற்றுவதற்குக் காசு ஒதுக்குங்கள்.

ஃபிஃப்த் வீலில் கிறீஸைத் துடைத்துவிட்டு, கொக்கியின் தேய்மானத்தைப் பாருங்கள். அந்தக் கொக்கி பிடிக்கிற ட்ரெய்லரின் கிங் பின் என்ற இரும்பு முளை பெரும்பாலும் இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர். தேய்மானம் எவ்வளவு என்று கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இது கழன்றால் நடப்பது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

பிரேக்

இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ட்ரெய்லரைப் பூட்டி, எயாரை நிரப்பி எஞ்சினை நிறுத்துங்கள். பிரேக்கை மிதிக்காமல் ஒரு நிமிடம் பார்த்தால் எயார் அமுக்க மீற்றர் மூன்று பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. மிதித்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு நிமிடம் பார்த்தால் நாலுக்கு மேல் இறங்கக் கூடாது. அடுத்து, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து எயாரைக் குறையுங்கள். 60 பிஎஸ்ஐக்குக் கீழே போவதற்கு முன்பே எச்சரிக்கை மணியோ விளக்கோ வர வேண்டும். எயார் டாங்கியின் கீழ் வால்வைத் திறந்து பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் வருவது வழமை. கறுப்பு ஒயில் சேர்ந்து வந்தால் கம்ப்ரெஸர் தேய்ந்திருக்கிறது.

சுமையோடு ஓட்டம்

வெறும் வண்டியை வளவைச் சுற்றி ஓட்டுவதால் ஒன்றும் தெரியாது. கண்டிப் பக்கம் போல இங்கே நல்ல ஏற்றமும் இல்லை. ஆகவே சுமைதான் நமக்கு ஏற்றம். விற்பவரிடம் கேட்டு, சுமை ஏற்றின ட்ரெய்லரோடு ஏ6 வீதியில் கந்தளாய் வரை போய்வாருங்கள். சாரதிக்கு ட்ரெய்லர் ஓட்டுகிற சிஇ அனுமதி இருக்க வேண்டும்.

போகும்போது உயர் கியரில், எஞ்சின் சுற்றுக் குறைவாக இருக்கையில், அக்சிலேற்றரை முழுதாக மிதிக்கச் சொல்லுங்கள். வண்டி மெல்ல மெல்ல இழுத்துப் போக வேண்டும். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. வெப்ப மீற்றர் 80 முதல் 90 பாகைக்குள் நின்று ஆடாமல் இருக்க வேண்டும். கந்தளாய்க்கு முன்பே ஏறத் தொடங்கினால், ரேடியேற்றர் அடைப்பிலிருந்து ஹெட் வெடிப்பு வரை எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொரு கியரிலும் அக்சிலேற்றரைச் சட்டென விட்டுப் பாருங்கள். கியர் தானாக நியூட்ரலுக்குத் துள்ளக் கூடாது. போய் நிறுத்தினதும் ஒவ்வொரு சில்லின் நடுவுக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பெயாரிங் அல்லது பிரேக் இறுகியிருக்கிறது. நன்றாகச் சூடான எஞ்சின் மெல்ல ஓடும்போது ஒயில் மீற்றர் 15 பிஎஸ்ஐக்குக் கீழே விழுந்தால் பெயாரிங் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

புத்தகம்

இயந்திரம் நன்றாக இருந்து புத்தகத்தில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சஸி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் நீங்களே துடைத்துப் படித்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டிகளில் பஞ்சிகாவத்தை எஞ்சின் மாற்றிப் பூட்டியிருப்பது சாதாரணம், தப்பில்லை. ஆனால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விற்பவரே முதலில் பதிந்து தரட்டும். ட்ரெய்லரின் இலக்கத்தையும் அதன் பத்திரங்களோடு தனியாக ஒப்பிடுங்கள்.

புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இருந்தால், கடன் முடிந்து பெயர் நீங்கும் வரை முழுப் பணம் கொடுக்க வேண்டாம். கம்பனிக்கு நேரே கட்டி, கடிதம் வாங்குவதே பாதுகாப்பு. அடுத்தது ஓபன் பேப்பர். மூன்று கை மாறியும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே இருக்கும், அவருடைய கையெழுத்துப் போட்ட படிவம் மட்டும் கூடவே வரும். கையெழுத்துப் போட்டவர் வெளிநாடு போயிருந்தாலோ இறந்திருந்தாலோ உங்கள் வண்டி உங்கள் பெயருக்கு வருவது பெரும்பாடு. விலை எவ்வளவு குறைந்தாலும் எனக்கு அது வேண்டாம். கைமாறின 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ், தகுதிச் சான்றிதழ், காப்புறுதி நாலும் நடப்பில் உள்ளனவா என்றும் பாருங்கள். தகுதிச் சான்றிதழ் காலாவதியாகி நிற்கிற வண்டி ஏன் அப்படி நிற்கிறது என்று கேட்காமல் வராதீர்கள்.

விலை

பார்த்த குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பாஸ் சொல்லும் செலவைப் பக்கத்தில் போட்டு, அந்தத் தாளை விற்பவரிடமே கொடுத்துப் பேசுங்கள். வண்டியைப் பழிக்க வேண்டாம். அவர் பல வருடம் சோறு தின்ற வண்டி அது. குறையை மரியாதையாகச் சொன்னால் பாதி பேர் இறங்கி வருவார்கள். "எஞ்சின் புதுசா கட்டினது" என்று சொன்னால் லேத் பட்டறை பில்லையும் பாகங்களின் பில்லையும் கேளுங்கள். லைனர், பிஸ்டன், பெயாரிங் மூன்றுக்கும் பில் இல்லாத எஞ்சினுக்குக் கட்டின எஞ்சினின் விலை கொடுக்க மாட்டேன்.

வாங்கின பிறகு

முதல் ஓட்டத்துக்கு முன் எஞ்சின் ஒயில், கியர் ஒயில், டிஃபரென்ஷல் ஒயில், எல்லா ஃபில்டர்களும், பெல்ட், ரேடியேற்றர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். முன்பு எப்போது மாற்றினது என்று யார் சொன்னாலும் சரி. டீசல் டாங்கியை இறக்கிக் கழுவுங்கள். அடியில் இருக்கிற சேறுதான் நடுவழியில் ஃபில்டரை அடைக்கும். சஸியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து துரு எதிர்ப்புப் பெயின்ற் அடியுங்கள். கடற்கரை ஓட்டம் போய் வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும்.

சில்லுக் கழற்றிப் பூட்டியிருந்தால் முதல் 100 கிலோமீற்றருக்குள் எல்லா நட்டையும் திரும்ப இறுக்குங்கள். திருகோணமலையில் புறப்பட்டால் ஹபரணைச் சந்தியில் தேநீர் குடிக்க நிறுத்துவீர்கள்தானே. அங்கேயே ஸ்பானரை எடுங்கள். அப்புறம் கபினுக்குள் ஒரு கொப்பி வையுங்கள். எந்த நாள், எத்தனை கிலோமீற்றர், எத்தனை லீற்றர் டீசல், எவ்வளவு ஒயில் ஊற்றினது, இவ்வளவும் போதும். மூன்றாவது மாதம் அந்தக் கொப்பியைப் பாஸிடம் காட்டுங்கள். ஒயில் ஊற்றும் அளவு மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டு போனால், ஒதுக்கி வைத்த அந்தக் காசை எடுத்து ரிங் மாற்ற நாள் குறிக்கலாம்.